தங்கமீன் தொட்டிக்கு மேலே பெட்டியா, கீழே டப்பாவா?

என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே விடும் இடைவெளி போக 165 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் இரண்டு ஒரண்டா, ஒரு ரியூகின்; இரண்டுமே தங்கமீன் வகைகள்தான். நான்காவதாக இன்னொரு ரியூகினும் இருந்தது. அது போன கதையைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை எழுத முடியாது, கொஞ்சம் கழித்து வருகிறேன்.

உருண்டை உடம்பும் இரட்டை வாலுமாக இருக்கும் ஃபேன்சி தங்கமீனுக்கு எந்த ஃபில்டர் வைப்பது என்பதுதான் கேள்வி. 2023 மார்ச்சில் கேனிஸ்டர், அதாவது தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கும் மூடிய டப்பா வாங்கி ஒன்பது மாதம் ஓட்டினேன். 2024 ஜனவரியிலிருந்து டாப் ஃபில்டர், அதாவது தொட்டியின் தலைமேல் உட்காரும் நீளப் பெட்டி. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. மேலே இருக்கும் பெட்டிதான் என் கட்சி.

கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கக் கூடாது, குளோரின் எடுக்காத குழாய்த் தண்ணீரில் மீனை விடக் கூடாது, புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா வளர ஒரு மாதமாவது ஆகும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். வாரம் ஒரு முறை பாதித் தண்ணீர் மாற்றும் வேலையும் எந்த ஃபில்டர் வைத்தாலும் குறையாது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஃபில்டர் வாங்கிவிட்டுப் பக்கெட்டைத் தொடாமல் இருக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

தங்கமீனுக்கு ஏன் இந்தப் பேச்சு என்றால், அதற்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய்ச் சீக்கிரமே வாலுக்குப் பின்னால் நூல் நூலாகத் தொங்க ஆரம்பித்துவிடும். டெட்ரா, கப்பி வளர்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் குப்பையின் அளவே முதல் அதிர்ச்சி. அதோடு நம்மூர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் என் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷயம் இன்னும் மோசம். 30 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே தண்ணீர் பிஎச் 8 ஆக இருந்தால் ஏழு பங்கைத் தாண்டும். பெரம்பூர்ப் பக்கம் எங்கள் போர் தண்ணீர் 8-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஆக, குளிர்ந்த ஊர்க்காரர் ஒருவர் தன் ஃபில்டர் பிரமாதம் என்று சொல்வதை அப்படியே நம் ஹாலுக்குக் கொண்டுவர முடியாது.

மற்ற வகைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தொட்டி வாங்கும்போது கடையில் தலையில் கட்டும் சின்ன இன்டர்னல் பவர் ஃபில்டர் தங்கமீனுக்கு இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் தொங்கும் ஹேங்-ஆன் ஃபில்டர் மோசமில்லை. ஆனால் உள்ளே மீடியா, அதாவது பஞ்சு, செராமிக் வளையம் மாதிரியானவை, போடும் இடம் கையளவுதான், தவிர சில மாடல்களில் கரண்ட் போய் வந்தால் தண்ணீரைத் தானாக இழுக்காமல் மோட்டார் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும். கல்லுக்கு அடியில் தட்டு போடும் பழைய முறையை மறந்துவிடுங்கள். தங்கமீன் நாள் முழுக்கக் கல்லைக் கிளறுகிற ஜாதி.

மிச்சம் மூன்று: கேனிஸ்டர், டாப் ஃபில்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

கேனிஸ்டருக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுவோம். சத்தமே கிடையாது. அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும், தொட்டிக்குள் இரண்டு குழாய் மட்டும் தெரியும். ஐந்தாறு லிட்டர் மீடியா போடலாம். மோட்டார் மீடியாவைத் தாண்டி இருப்பதால் கழிவு அரைபடாமல் முழுசாகப் பஞ்சில் மாட்டும். முதல் மாதம் என் தொட்டித் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்ததற்கு வருத்தமே இல்லை என்று அப்போது நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

வருத்தம் கழுவும்போது வந்தது. குழாய் வால்வுகளை மூட வேண்டும். ஹோஸைக் கழற்றும்போது சொட்டும் தண்ணீருக்குப் பழைய துண்டு. தண்ணீரோடு பத்து, பன்னிரண்டு கிலோ இருக்கும் டப்பாவைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துப் பாத்ரூமுக்குக் கொண்டுபோக வேண்டும். கிளிப்புகளைத் திறந்து, தட்டுத் தட்டாக எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசி, திரும்ப அடுக்கி, மூடி ஓரத்து ரப்பர் வளையத்தைத் துடைத்து, வாஸ்லின் கூடாது என்பதால் சிலிக்கான் கிரீஸ் தடவி, மூடி, அலமாரிக்குள் திணித்து, காற்றை வெளியேற்றத் தலையில் இருக்கும் பட்டனை இருபது முறை அமுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஒரு முறை அந்த ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஹாலில் குளம். அன்று வீட்டில் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினேன். அப்புறம் மாதம் ஒரு முறை. அப்புறம் தண்ணீரின் வேகம் குறைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனது. 2023 ஆயுத பூஜைக்கு வண்டியோடு சேர்த்து ஃபில்டரையும் கழுவியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் தொடவில்லை.

நான் சோம்பேறி என்று நீங்கள் சொல்லலாம், மறுக்க மாட்டேன். ஆனால் ஃபில்டர் கழிவை மாயமாக்கிவிடுவதில்லை, ஓர் இடத்தில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். கேனிஸ்டருக்குள் சேர்ந்த கழிவும் அதே தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. ஆறு வாரம் கழுவாத கேனிஸ்டர் என்றால் ஆறு வாரக் கழிவும் தொட்டியிலேயே கரைந்துகொண்டிருக்கிறது, நம் கண்ணில் படவில்லை என்பதைத் தவிர வித்தியாசமில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நாமும் ஏமாந்துவிடுகிறோம். கழிவு கடைசியில் நைட்ரேட்டாக மாறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். விடிகாலை போன கரண்ட் எங்கள் தெருவுக்குப் புதன் மதியம்தான் வந்தது. நாங்கள் இரண்டாவது மாடி என்பதால் வீட்டுக்குள் வெள்ளம் இல்லை. இன்வெர்ட்டர் திங்கள் மாலையே உயிரை விட்டது. மீன்களுக்குக் காற்று வேண்டுமே. சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினோம். அரை மணிக்கு ஒரு முறை ஐம்பது சொம்பு. ராத்திரி நானும் பையனும் முறை வைத்துக்கொண்டோம். தீனியை அடியோடு நிறுத்திவிட்டேன். தண்ணீர் 24 டிகிரிக்கு இறங்கியிருந்தது பெரிய உதவி. இரண்டு நாள் கழித்து நான்கு மீனும் உயிரோடு இருந்தன.

ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியம், கேனிஸ்டர் சுவிட்சைப் போட்டது.

குழாய் வாயிலிருந்து முதலில் டீத் தண்ணீர் மாதிரி வந்தது. அடுத்தது கருப்பு. அழுகிய முட்டை வாடை ஹாலைத் தாண்டிச் சமையலறை வரை போனது. நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. தண்ணீரை மாற்றலாம் என்றால் கீழே தரைக்கடித் தொட்டியில் மழைத் தண்ணீர் புகுந்திருக்குமோ என்ற பயம். குடிக்கப் பிடித்து வைத்திருந்த இரண்டு பக்கெட்டை ஊற்றினேன். மறுநாள் காலை சிவப்பு ரியூகின் அடியில் சாய்ந்து கிடந்தது.

நடந்தது இதுதான். ஃபில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய டப்பாவில் தண்ணீர் ஓட்டம் நின்றால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அவை சில மணி நேரத்திலேயே தின்று தீர்த்துவிடும். கழிவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம். அதற்கப்புறம் காற்று வேண்டாத பாக்டீரியாக்களின் ராஜ்ஜியம். அவை விடுவதுதான் அந்த முட்டை வாடை. இரண்டு நாள் அழுகிய அந்தச் சாற்றை நானே என் கையால் தொட்டிக்குள் பீய்ச்சிவிட்டேன். கரண்ட் வந்ததும் கேனிஸ்டரைத் திறந்து கொட்டிக் கழுவியிருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான், டப்பா மேல் பழி போடவில்லை. ஆனால் வீட்டில் ஆள் இல்லாத ஒரு பகலில் ஆறேழு மணி நேரம் கரண்ட் போய்த் தானாக வந்தால் அதை யார் திறந்து கொட்டுவது? மோட்டார் தன்னால் ஓட ஆரம்பித்துவிடுமே.

நல்ல பாக்டீரியாவும் செத்துப்போனதால் அடுத்த பத்து நாளும் அம்மோனியா டெஸ்ட் குழாயில் அம்மோனியா இல்லை என்று காட்டும் மஞ்சள் வரவில்லை. தினம் பச்சைதான். தினம் தண்ணீர் மாற்றித்தான் மிச்ச மூன்றைக் காப்பாற்றினேன்.

பொங்கல் கழிந்து கொளத்தூர் போனேன். சென்னையில் மீன் வளர்க்கிற யாரும் கடைசியில் போய் நிற்கும் இடம் அது; தெருத்தெருவாக அலங்கார மீன் கடைகள். ஒரு கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுக் கதையைக்கூடக் கேட்கவில்லை. “கோல்டு ஃபிஷ்ஷா சார்? மேல வைங்க. கீழ வெச்சா நீங்க மறந்துடுவீங்க.”

டாப் ஃபில்டரில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை. தொட்டிக்குள் ஒரு மோட்டார். அது தண்ணீரை மேலே பெட்டிக்கு ஏற்றும். பெட்டிக்குள் மூன்று அறை. தண்ணீர் ஒவ்வொன்றாகக் கடந்து கடைசியில் ஓட்டைகள் வழியே தொட்டியில் கொட்டும். என்னுடையதில் முதல் அறையில் வெள்ளைப் பஞ்சு, இரண்டாவதில் கரடுமுரடான ஸ்பாஞ்சும் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர் ஒரு டஜனும், மூன்றாவதில் கேனிஸ்டரிலிருந்து எடுத்த செராமிக் வளையங்கள். ஸ்க்ரப்பரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ளப் பரப்பு. பாக்டீரியாவுக்காகவே விற்கும் விலை உயர்ந்த பிளாஸ்டிக் பந்தான பயோபாலைவிட அதில் பரப்பு குறைச்சல் இல்லை. இரும்பு, ஸ்டீல் ஸ்க்ரப்பர் மட்டும் கூடாது. மணிக்கு 1,500 லிட்டர் மோட்டாரோடு சேர்த்து எனக்கு 1,400 ரூபாய் ஆனது.

இப்போது கழுவும் வேலையைப் பாருங்கள். புதனும் சனியும் காலையில் மூடியை எடுக்கிறேன். பஞ்சு மேலே பழுப்பு, கீழே பச்சை. தூக்கினால் ஈரத் துணி மாதிரி கனக்கும். வாஷ்பேசினில் குழாயைத் திறந்து நான்கு முறை பிழிந்தால் போதும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம், குளோரின் பட்டாலும் நஷ்டமில்லை, பாக்டீரியா குடியிருப்பது அடுத்த அறைகளில். திரும்ப வைத்து மூடுகிறேன். ஐந்து நிமிஷம், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஸ்பாஞ்சை மட்டும் மாதம் ஒரு முறை, தண்ணீர் மாற்றும் அன்று, தொட்டியிலிருந்து எடுத்த பக்கெட் தண்ணீரிலேயே அலசுகிறேன். அந்தத் தண்ணீர் மொட்டை மாடிச் செம்பருத்திக்குப் போகிறது; இந்த வருஷம் அது பூத்த பூப்பு தனிக் கதை.

என் சோம்பேறித்தனம் குறைந்துவிடவில்லை. வேலை சிறுத்துவிட்டது, அழுக்கும் கண்ணுக்கு நேரே தெரிகிறது. அதனால் கழிவு ஆறு வாரம் ஊறுவதற்குப் பதில் மூன்று நாளில் வீட்டை விட்டே போய்விடுகிறது. கேனிஸ்டர் நாளில் தண்ணீர் மாற்றுவதற்கு முந்தைய நாள் நைட்ரேட் டெஸ்ட் 40-க்கும் 80-க்கும் நடுவில் சிவக்கும். இப்போது 20-ஐ ஒட்டி நிற்கிறது. அப்போது மீன் நான்கு, இப்போது மூன்று என்பதையும் கணக்கில் எடுங்கள். முழுப் பெருமையும் பெட்டிக்குச் சேராது.

கரண்ட் போனால் பெட்டியில் இருக்கும் தண்ணீர் தொட்டிக்கு வடிந்துவிடும். மீடியா ஈரமாக, காற்றுப் படும்படி இருக்கும். காயாத வரை பாக்டீரியா பிழைத்துக்கிடக்கும், அழுகுவதற்கு மூடிய டப்பா இல்லை. வடிகிற தண்ணீருக்கு இடம் வேண்டும் என்பதால் தொட்டியின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடையாவது குறைத்து நிரப்புங்கள். ஏழு மணி நேரக் கரண்ட் கட் வரை இதைப் பார்த்துவிட்டேன். புயல் மாதிரி இரண்டு நாள் சோதனை இந்தப் பெட்டிக்கு இன்னும் வரவில்லை.

தண்ணீர் மேலேயிருந்து விழுவதால் ஆக்சிஜன் தன்பாட்டுக்குக் கலக்கிறது. விழுகிற வேகம்தான் கவனிக்க வேண்டியது. ஃபேன்சி வகைகள் நீச்சலில் மட்டம். ஓட்டைகளைத் தொட்டியின் ஒரு மூலைப் பக்கம் வரும்படி வைத்து, மிச்ச இடத்தை அமைதியாக விட்டேன். ரியூகின் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரண்டா இரண்டும் வேண்டுமென்றே போய்த் தலைக் கொண்டையில் தண்ணீர் விழ நிற்கும்.

குறைகளும் உண்டு. சத்தம் கேட்கும். எங்களுக்குப் பழகிவிட்டது, மாமியார் வந்தால் “எங்கேயோ குழாய் மூடாம இருக்கு” என்று இரண்டு முறை எழுந்திருப்பார். மே மாதத்தில் இரண்டு நாளைக்கு ஒரு விரற்கடை தண்ணீர் ஆவியாகும். ஆவியானால் தண்ணீர் கொஞ்சம் குளிரும் என்பது லாபம். உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது நஷ்டம். அதனால் குறைந்த தண்ணீரை ஈடுகட்டப் போர் தண்ணீருக்குப் பதில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன். மோட்டார் முதலில் இருப்பதால் கழிவு அரைபட்டுத்தான் மேலே போகிறது. கேனிஸ்டர் நாளின் கண்ணாடித் தெளிவு இன்று இல்லை. மூடி சரியாக உட்காராவிட்டால் கரப்பான் குடித்தனம் வந்துவிடும். பஞ்சை ஒரு வாரம் மறந்தால் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக வழியும், வழிகிற வாய் தொட்டிப் பக்கம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அழகு என்று பார்த்தால் கேனிஸ்டருக்குப் பக்கத்தில்கூட வராது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை எதிரியாக நிறுத்துவது அநியாயம். ஏர் பம்ப் ஐந்து வாட்டுக்குள் ஓடும், ஸ்பாஞ்ச் விலை இருநூறு, முந்நூறு. பாக்டீரியாவுக்கு அருமையான வீடு. ஆனால் இழுக்கும் சக்தி குறைவு என்பதால் தங்கமீனின் பெரிய கழிவு அடியிலேயே கிடக்கும், நீங்கள்தான் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். தனியாக இதை மட்டும் நம்பி மூன்று ஒரண்டாவை வளர்க்க நான் துணிய மாட்டேன். இரண்டடித் தொட்டியில் ஒற்றை மீன், குஞ்சுகள், சீக்கு வந்த மீனை வைக்கும் தனித் தொட்டி என்றால் இதுவே போதும். என் தொட்டியிலும் துணைக்கு ஒன்று ஓடுகிறது. கரண்ட் போனதும் பேட்டரிக்குத் தானாக மாறும் ஏர் பம்பில் இணைத்திருக்கிறேன். புயலுக்கு அப்புறம் வாங்கிய முதல் பொருள் அதுதான். ஸ்பாஞ்சைக் கழுவ எடுக்கும்போது தண்ணீருக்குள்ளேயே ஒரு பாலிதீன் கவரை அதற்கு மாட்டிவிட்டுத் தூக்குங்கள், இல்லாவிட்டால் பாதி அழுக்கு திரும்பத் தொட்டியில்தான்.

ராஞ்சு, பபிள் ஐ மாதிரி இன்னும் மெதுவான வகைகளை நான் வளர்த்ததில்லை. அவற்றுக்கு இந்த நீர்வீழ்ச்சி ஒத்துக்கொள்ளுமா என்று அவற்றை வைத்திருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கடிக்கு மேல் தொட்டி என்றால் சம்ப், அதாவது கீழே இன்னொரு தொட்டியையே ஃபில்டராக, வைக்கலாம் என்பார்கள், அதிலும் எனக்குக் கை நனைந்ததில்லை. ஒவ்வொரு வாரமும் கேனிஸ்டரைத் தூக்கிக் கழுவும் பொறுமைசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஜெனரேட்டரும் இருந்தால் இதில் முக்கால்வாசி அவர்களுக்குப் பொருந்தாது.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டாப் ஃபில்டரைப் பழசாக வாங்க ஆள் வர மாட்டார், கேனிஸ்டருக்கு வருவார். என்னுடையதை மச்சினன் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான். அவனுடையது செடித் தொட்டி. உள்ளே இருபது சின்ன நியான் டெட்ரா. செடிக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு கலைந்துவிடாமல் இருக்க மேலே தண்ணீர் கொட்டாத ஃபில்டர்தான் அதற்குச் சரி. அவனும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜைதான் அதைக் கழுவுகிறான். டெட்ராக்கள் நன்றாக இருக்கின்றன.